கூடுதல் பட்டை

என் சரக்கு வண்டியை விற்று இரண்டு மாதம் ஆகப்போகிறது. பணம் முழுசாக வந்துவிட்டது, ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டது, வாசலில் அது நின்ற இடத்தில் வீட்டில் பூச்செடி வைத்துவிட்டார்கள். முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். போன புதன்கிழமை இரவு எட்டு மணி இருக்கும், வண்டியை வாங்கிய தம்பி போன் செய்தார். நன்றாக ஓடுகிறது, மைலேஜ் நீங்கள் சொன்னபடியே கிடைக்கிறது என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தவர் கடைசியில் கேட்டார்: "அண்ணே, பின்னாடி பக்கத்துக்கு ரெண்டு பட்டை கழட்டுனீங்கள்ல, அது இன்னும் உங்ககிட்டதான் கெடக்கா? இருந்தா நானே வந்து எடுத்துக்கிறேன். ஓணம் வருது, லோடு கூட வரும்."

நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தாலே தெரியும், பின்சக்கரத்தின் மேல் எடையைத் தாங்கும் கமானிலிருந்து (ஸ்பிரிங்) கழற்றிய அந்த நாலு இரும்புப் பட்டையும் மாட்டுத் தொழுவத்துச் சுவரில் சாய்ந்து நின்றன. "பார்த்துச் சொல்றேன் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. இரும்பு என்னுடையதுதான், கொடுக்கலாம். ஆனால் அதை ஏன் கழற்றினேன் என்பது அவருக்குத் தெரியும், அவர் அப்பாவுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். தெரிந்தும் கேட்கிறார் என்றால், நான் சொன்ன விதத்தில் ஏதோ குறை இருந்திருக்க வேண்டும். அதனால்தான் முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

நோட்டுப் புத்தகம்

பொலிரோ பிக்கப். ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலையில் எடுத்தது. பி.எஸ். ஃபோர் இன்ஜின், 2523 சி.சி., சரக்கு ஏற்ற அனுமதி ஒன்றேகால் டன். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் வழியாக இறங்குவேன். பூண்டு என்றால் வடுகபட்டிக்கு, கேரட் என்றால் பெரும்பாலும் மதுரை மாட்டுத்தாவணிக்கு. எட்டு வருடத்தில் இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி மலை. இடுப்பு இனிமேல் தாங்காது என்று ஆனபிறகுதான் விற்க முடிவெடுத்தேன்.

முதல் நாளிலிருந்து ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தேன். எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், என்ன வேலை, எவ்வளவு காசு. இன்ஜின் ஆயில் ஒரு முறைகூடத் தள்ளிப்போனதில்லை. புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸுக்கும் வீல் பேரிங்குக்கும் கிரீஸ் அடித்த நாள்கூட இருக்கும். மழையில் இறங்கி வந்தால் மறுநாள் அடிப்பக்கம் கழுவிவிட்டுத்தான் அடுத்த லோடு. நோட்டின் பின்பக்கத்தில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. வண்டிக்கு நானாகச் செய்தது எல்லாம் அதில். பாடியை அரையடி உயர்த்தி, தரைக்குச் செக்கர் பிளேட் (வழுக்காத புடைப்பு போட்ட தகடு) அடித்தது 38,000. படுதா போடக் குழாய் வளைவும் படுதாவும் 14,000. முன்னாடி பம்பர் கம்பி, கூரை மேல் எல்.இ.டி. விளக்கு வரிசை, பாட்டுப்பெட்டி, ரிவர்ஸ் கேமரா, நல்ல சீட்டு. பின்பக்கக் கமான் பட்டையில் கம்பெனி கொடுத்ததற்கு மேல் பக்கத்துக்கு இரண்டு கூடுதல், 11,000. கூட்டினால் ஒரு லட்சத்தைத் தாண்டும். இதற்கெல்லாம் விலை கிடைக்கும் என்று உண்மையாகவே நம்பினேன். வண்டியைக் குழந்தை மாதிரி வைத்திருந்தவனுக்கும் அடித்து ஓட்டியவனுக்கும் ஒரே விலை என்றால் அது நியாயமாகப் படவில்லை. இப்போதும் படவில்லை.

கன்சல்டிங்கில் போட்ட கணக்கு

விலை சொல்பவர்கள் நோட்டைத் திறக்கவே இல்லை. முதலில் போன கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி வாங்கி விற்கும் இடத்தில், கேட்டது நாலே கேள்வி: எந்த வருஷ மாடல், எத்தனாவது ஓனர், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எப்போது முடிகிறது, டயர் எத்தனை சதவீதம். கூடவே ஒரு வாதம். சரக்கு வண்டிக்கு எட்டு வயது முடியும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்குப் பிறகு வருடா வருடம். "ஜூலை வந்தா எட்டு முடியுது, வாங்குறவன் வருஷா வருஷம் போய் நிக்கணும், அதனால கொறைக்கணும்" என்றார். ஏழு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்குப் பசுமை வரி உண்டு, அதையும் சேர்த்துச் சொன்னார். நான் 4,80,000 எதிர்பார்த்துப் போனேன். அவர் வைத்தது 3,90,000.

செய்துவைத்த கூடுதல் வேலைகளைப் பற்றிக் கேட்டதும், அதுவே குறை என்பதுபோலப் பேசினார். முன்பக்கப் பம்பர் கம்பி கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி கம்பெனி வடிவத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. எஃப்.சி.க்குப் போகும்போதெல்லாம் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து மாட்டுவது எங்கள் பக்கம் வழக்கமாகிப் போனது, நானும் அதைத்தான் செய்தேன். இனி வருடா வருடம் அந்த வேலை வாங்குபவர் தலையில். பாட்டுப்பெட்டியும் கேமராவும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விலையில் வராது. வாங்குபவர்கள் முக்கால்வாசிப் பேர் கடனில்தான் எடுக்கிறார்கள். கடன் கொடுப்பவர் வருடத்தையும் மாடலையும் பார்த்து ஒரு தொகை போடுவார், அதற்கு மேல் போகிற ஒவ்வொரு ரூபாயும் கையிலிருந்து வைக்க வேண்டும். என் செக்கர் பிளேட்டுக்கு அந்தக் காகிதத்தில் இடமே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

இன்னொரு இடத்தில் மீட்டரைக் குறைத்துக்கொள்ளலாமா என்று சாதாரணமாகக் கேட்டார்கள். ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்குக் கொண்டுவந்தால் நாற்பதாயிரம் கூடக் கிடைக்குமாம். எட்டு வருடம் நான் எழுதிய நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சைக் கேட்க முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன். அதே இடத்தில் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் கேட்டார்கள். இதைப் படிப்பவர் யாராவது வண்டி விற்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஒன்றையாவது தயவுசெய்து செய்யாதீர்கள். பெயர் மாறும்வரை ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வெறும் படிவம் நாலு கை மாறி எங்கேயோ போகும், வண்டி எங்கேயோ மோதும், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

"இந்த மாசம் என்ன நடந்துச்சு?"

தெரிந்த மெக்கானிக் மூலமாக வந்தார்கள் அந்தத் தம்பியும் அவர் அப்பாவும். ஒட்டன்சத்திரத்துக்காரர்கள். தம்பிக்கு இருபத்தாறு வயது இருக்கும், பாச்சலூர், தாண்டிக்குடி பக்கத்திலிருந்து சௌசௌவும் பீன்ஸும் எடுத்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொடுக்கும் தொழில் ஆரம்பித்திருக்கிறார். இதுவரை வாடகை வண்டி. அவர் விளக்கு வரிசையைப் போட்டுப் பார்த்தார், பாட்டுப்பெட்டியைப் போட்டுப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. அப்பா பழைய லாரி டிரைவர். அவர் எதையும் போட்டுப் பார்க்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். இருபது நிமிடம் இருக்கும். இத்தனை நாளில் அந்த நோட்டை வாசித்த முதல் ஆள் அவர்தான். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அப்புறம் எழுந்து போய்ப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். விரலால் பட்டைகளை எண்ணினார். பட்டைகளை ஆக்ஸிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து நோட்டில் ஒரு பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார். "2018 ஆகஸ்டுல 31,000 கிலோமீட்டர்ல பிரேக் ஷூ மாத்தியிருக்கீங்க. டிசம்பர்ல 41,000-ல மறுபடியும் ஷூ, பிரேக் ஆயில் முழுசும், வீல் சிலிண்டர். மலை வண்டின்னாலும் பத்தாயிரம் கிலோமீட்டர்ல ஷூ போகாது. இந்த மாசம் என்ன நடந்துச்சு தம்பி?"

நான் நோட்டில் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான். என்ன வேலை, எவ்வளவு காசு என்று எழுதினேன், ஏன் என்று எழுதவில்லை. "பட்டை வலுவா இருக்கட்டும்னு போட்டதுங்க ஐயா" என்று சம்பந்தமில்லாமல் சொன்னேன். "வலு பட்டைக்கு வந்துருச்சு. பிரேக்குக்கு வந்துச்சா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்குப் பதில் தெரிந்திருந்தது, நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்.

டம்டம் பாறைக்குக் கீழே

சொன்னேன். வீட்டில்கூட முழுதாகச் சொல்லாததைச் சொன்னேன். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவை அடித்துவிட்டு எங்கள் மலைக்கும் வந்தது. கொடைக்கானலில் மரங்கள் சாய்ந்தும் மண் சரிந்தும் சாலை அடைபட்டுப் போனது. வழி திறந்தபோது மேலே கேரட் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்தது. விவசாயி கெஞ்சுகிறார், வியாபாரி வாடகையைக் கூட்டிக் கொடுக்கிறார். பட்டை போட்டுப் பத்து மாதம் ஆகியிருந்தது. இரண்டு டன்னுக்கு மேல் ஏற்றினேன். ஏற்றிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன், வண்டி துளியும் குந்தவில்லை. சமமாக நின்றது. அந்தச் சமத்தைப் பார்த்துத்தான் தைரியமாக எடுத்தேன்.

பெருமாள்மலை தாண்டும்வரை ஒன்றுமில்லை. இரண்டாம் கியரில்தான் இறங்கினேன், ஆனாலும் அந்த எடைக்கு இன்ஜின் பிடிப்பு போதவில்லை, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்க வேண்டியிருந்தது. காய்ந்த வாடை வந்தது. முன்னால் போகிற லாரியுடையது என்று நினைத்தேன். டம்டம் பாறைக்குக் கீழே ஒரு வளைவில் மிதித்தேன், பெடல் பஞ்சுபோல உள்ளே போனது. மறுபடி மிதித்தேன், தரையைத் தொட்டது. எதிரே ஒரு சுற்றுலா வேன் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது, ஆட்கள் தெரிந்தார்கள். முதல் கியருக்கு அடித்து இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, இடப்பக்கம் மலைச்சுவரை ஒட்டி உரசியபடி நிறுத்தினேன். வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். அவருக்குக் கடைசிவரை தெரியாது. நான் இறங்கிச் சக்கரத்துப் பக்கம் கையை நீட்டினேன், அடுப்பு மாதிரி வெப்பம். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மலை இருட்டில் தூரத்தில் வத்தலக்குண்டு விளக்குகள் தெரிந்தன.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். பழசானால் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் குழாய்க்குள் ஆவி சேரும், ஆவியை அமுக்கினால் அமுங்கிக்கொண்டே போகும், சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது. இதை மறுநாள் மெக்கானிக் விளக்கினார். அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னை உட்கார வைத்தது. பல பிக்கப்களில் பின்பக்கம் எவ்வளவு குந்துகிறது என்பதைப் பார்த்துப் பின்சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு வால்வு உண்டு. பட்டையைக் கூட்டிவிட்டால் வண்டி குந்தாது. குந்தாவிட்டால் வண்டி காலி என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். அதிக எடை ஏற்றிய அன்று பின்பிரேக் குறைவாகப் பிடிக்கும்.

பட்டை பிரேக்கைப் பெரிதாக்காது, ஆக்ஸிலைத் தடிமனாக்காது, டயர் தாங்கும் எடையைக் கூட்டாது. அது செய்வது ஒன்றுதான்: வண்டி குந்துவதை நிறுத்தும். ஆனால் அது குந்துவது நம்மிடம் பேசுவது. போதும், இதற்கு மேல் முடியாது என்று சொல்வதற்கு அதற்கு வேறு வாய் கிடையாது. பதினோராயிரம் கொடுத்து நான் அந்த வாயை அடைத்திருக்கிறேன். அதை நோட்டின் பின்பக்கத்தில் வண்டிக்குச் செய்த நல்லதுகளோடு சேர்த்து எழுதி, அதற்கு விலையும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரவுக்குப் பிறகு இரண்டு டன் ஏற்றியதில்லை. 2019 செப்டம்பரில் அதிக எடைக்கு அபராதம் 20,000, மேலே போகிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 என்று சட்டம் மாறியபோது அனுமதி எடைக்கே வந்துவிட்டேன். ஆனால் பட்டையைக் கழற்றவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ஏன் விட்டேன் என்று கேட்டால் இன்றைக்கும் சரியான பதில் இல்லை. காசு கொடுத்துப் போட்டது என்பதைத் தவிர.

கழற்றியது

பெரியவர் முழுசும் கேட்டார். திட்டவில்லை. "டிரம்மைக் கழட்டிப் பாத்துருவோம்" என்றார். பிரேக் ஷூ உள்ளே உரசிப் பிடிக்கிற இரும்பு வட்டம் அது. மெக்கானிக் கடைக்குப் போய் நாலு சக்கரமும் கழற்றினோம். டிரம் 2021-இல் மாற்றியது, நோட்டில் இருந்தது, அதில் வெடிப்போ நீலம் பாய்ந்த தழும்போ இல்லை. சேஸில் பட்டை மாட்டும் இடத்தைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். பாடியின் குறுக்குக் கம்பி ஒன்றில் பழைய வெல்டிங் இருந்தது. காலி வண்டியில் கெட்டிப் பட்டை குதிக்கிற குதியில் விட்டுப்போனது அது. அதையும் நானே காட்டினேன். அப்புறம் அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: பம்பர் கம்பியையும் கூடுதல் பட்டையையும் கழற்றிக் கொடுக்க வேண்டும். விலை 4,25,000. படுதாவுக்கும் செக்கர் பிளேட்டுக்கும் ஏதோ ஒரு மதிப்பு அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன், காய்கறி வண்டிக்கு அது உண்மையாகவே உதவும். நோட்டைத் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டார்.

பட்டையைக் குறைத்தால் சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் நீளம் குறைந்ததாகப் புதிதாகப் போட வேண்டும். பட்டறையில் அரை நாள் ஆனது. பின்பக்கம் இரண்டு விரல்கடை இறங்கியது, ஹெட்லைட்டைத் திரும்பச் சரிசெய்தோம். வீட்டுக்கு ஓட்டிவந்தபோது வேகத்தடையில் ஏறி இறங்கியது தெரியவே இல்லை. இத்தனை வருடமாக அந்த இடத்தில் என் இடுப்பில் ஒரு வெட்டு விழும். இடுப்பு வலிக்காகத்தான் வண்டியை விற்கிறேன். கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்திவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

அந்த போன்

இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டவர்தான் அந்தத் தம்பி. இருந்தும் ஓணம் வருகிறது என்றதும் பட்டை ஞாபகம் வருகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கடன் தவணை, சீசன் நாலு வாரம், மூட்டையை ஏற்றிக்கொள் என்று கெஞ்சுகிற ஆட்கள், எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். காதால் கேட்டது போதாது. எனக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள், நானும் கேட்டிருப்பேன், ஏற்றியிருப்பேன்.

பட்டை இல்லை, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று முதல் இரண்டு நாள் யோசித்தேன். அதனால் என்ன ஆகும், அவர் ஒரு பட்டறையில் புதிதாகப் போட்டுக்கொள்வார். நேற்றுச் சாயங்காலம் நானே போன் செய்தேன். பட்டை இருக்கிறது, கொடுக்க மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. "ஏண்ணே, நான் வேற எங்கயாச்சும் போட்டுக்கிட்டா?" என்றார். போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பாச்சலூரில் லோடு ஏற்றும்போது நான் மேலே வந்துவிடுகிறேன், ஒன்றேகால் டன் எடை போட்டு ஏற்றுவோம், பரப்பலாறு அணைப் பக்கம் வரை நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். ஒவ்வொரு வளைவிலும் வண்டி எப்படிக் குந்துகிறது, பெடல் எங்கே பிடிக்கிறது, கீழே வந்ததும் டிரம் எவ்வளவு சூடு என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம் என்றேன்.

"அப்பாவும் வர்றேங்கிறாருண்ணே" என்றார். காலை ஐந்து மணிக்கு ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். பிரேக் ஆயில் ஒரு புட்டி வாங்கி வைத்திருக்கிறேன். நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொன்னேன். 2018 டிசம்பர் பக்கத்தில் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது, அதில் நான் ஒரு வரி எழுத வேண்டும்.